சீமாட்டியின் குட்டி

ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே, கொள்ளிடத்துக் கரையோரமாக, தேவசகாயத்துக்கும் அவர் மனைவி விண்ணரசிக்கும் ஒரு பண்ணை இருந்தது. ஒரு பக்கம் ஆட்டுக் கொட்டகை, எதிர்ப்பக்கம் குதிரை லாயம், நடுவில் தீவனப்புல்லும் வேலியோரம் அகத்தியும். ஆடுகள் விண்ணரசியின் பொறுப்பு. தலைச்சேரியும் ஜமுனாபாரியுமாகப் பால் ஆடுகளாகவே பார்த்துச் சேர்த்திருந்தாள். கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கும் அரியலூரில் ஒரு சித்த வைத்தியருக்கும் தினமும் பால் போகும். குட்டி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. வீட்டுச் செலவு, மகளின் நர்சிங் படிப்பு எல்லாம் அந்த மடிகளை நம்பித்தான் ஓடின.

குதிரைகள் தேவசகாயத்தின் ஆசை. திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ரேக்ளா ஓட்டுகிறவர்களுக்கும் குட்டி வளர்த்து விற்பார். வருஷத்துக்கு ஒன்று விற்றால் பெரிது. விற்காத வருஷமும் உண்டு. விண்ணரசி அதைக் குத்திக் காட்டியதில்லை. லாயத்துப் பக்கம் அவள் அதிகம் வந்ததும் இல்லை.

லாயத்தில் மூன்று குதிரைகள். அதில் சீமாட்டி என்கிற செம்பழுப்புப் பெட்டை அவர் கையிலேயே பிறந்து வளர்ந்தது. எவ்வளவு கேட்டும் அதை மட்டும் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. கோடைக்கு முன்னால் அது ஒரு குட்டி போட்டது. ஆண் குட்டி, பால் திரண்டு ஆடை படிந்த நிறம். குட்டியும் தாயுமாக நிற்கிற அழகை நாலு பேர் பார்க்கட்டும் என்று மேற்கே ஒரு குதிரைச் சந்தைக்கு இரண்டையும் வண்டியில் ஏற்றிப் போனார். விற்கப் போகவில்லை, காட்டத்தான் போனார். அங்கே எல்லாக் குதிரைகளும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. சீமாட்டியும் குடித்தது.

பால் மறந்ததும் குட்டியை லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த ஹுமாயூன் வாங்கிக்கொண்டு போனார். குவைத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஃபைஸாவுக்குக் குதிரை மேல் பைத்தியம். அவள் அதற்குப் பால்கோவா என்று பேர் வைத்ததாகவும், காலையில் அதைப் பார்க்காமல் பள்ளிக்கூட வேனில் ஏற மறுப்பதாகவும் ஹுமாயூன் சொல்லிச் சிரித்தார். அவ்வப்போது போனில் வீடியோ அனுப்புவார். ஒன்றில் ஃபைஸா தன் கன்னத்தைக் குட்டியின் மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தாள். தேவசகாயம் அதை விண்ணரசியிடம் காட்டியிருந்தார்.

குட்டி போன பிறகுதான் சீமாட்டி இருமத் தொடங்கியது. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, வெந்நீர் வைத்துக் கொடுத்துப் பார்த்தார். இருமல் நிற்கவில்லை. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் மஞ்சளாகப் பசை போல ஒழுகியது. பின்னங்காலின் உள்பக்கத்தில் மணி கோத்த மாதிரி வரிசையாகக் கட்டிகள் தெரிந்தன. அதைப் பார்த்த அன்று கால்நடை மருத்துவர் சுகன்யாவுக்குப் போன் செய்தார்.

சுகன்யா வந்து கட்டிகளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் வந்தாள். வண்டிக்குப் போய் முகத்துக்குக் கவசமும் கைக்கு இன்னொரு உறையும் போட்டுக்கொண்டு, தேவசகாயத்தையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி கிட்டே போனாள். மூன்று குதிரைகளிடமும் ரத்தம் எடுத்தாள். பிறகு வேப்பமரத்தடியில் நின்று அவரிடம் நிதானமாகச் சொன்னாள். இது வெறும் சளியாக இருக்கலாம். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோயாகவும் இருக்கலாம். அது ஒரு குதிரையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொட்டியிலும் தீவனத்திலும் பரவும், மனிதருக்கும் ஒட்டும். மனிதருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. குதிரைக்கு வந்தால் வைத்தியம் பார்க்கச் சட்டம் அனுமதிக்காது, கொன்று புதைக்க வேண்டும். ரத்தம் வடக்கே இருக்கிற ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர நாளாகும். அதுவரை இங்கிருந்து எந்த உருப்படியும் வெளியே போகக் கூடாது.

சமீபத்தில் எதையாவது விற்றீர்களா என்று கேட்டாள். தேவசகாயம் குட்டியைப் பற்றிச் சொன்னார். முடிவு உறுதியானதும் அங்கேயும் போய் ரத்தம் எடுப்பார்கள், நான் மேலே எழுதுகிறேன் என்றாள். உறுதியாகாமல் ஊரைக் கலக்கக் கூடாது என்பதுதான் நடைமுறை.

“நான் போய்ச் சொல்லலாமா டாக்டரம்மா?” என்று தேவசகாயம் கேட்டார்.

சுகன்யா கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டபடி சொன்னாள். “உங்களத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. குளிச்சு, வெந்நீர்ல தொவைச்ச துணிய உடுத்திக்கிட்டுப் போங்க. அங்க குதிரைகிட்டப் போகாதீங்க.”

அன்று சாயங்காலம் பால் கறந்து முடித்து வந்த விண்ணரசியிடம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் லப்பைக்குடிக்காடு போகப் போவதாகச் சொன்னபோதுதான் வாளியை இறக்கி வைத்தாள்.

முடிவு வரட்டுமே என்றாள். சளி என்று வந்துவிட்டால் என்ன செய்வது? ஹுமாயூன் நல்லவராக இருக்கலாம், ஆனால் பிள்ளை விஷயம். பதறிப்போய் நாலு பேரிடம் கேட்பார். அந்த நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்வார்கள். தேவசகாயத்தின் குதிரைக்குச் சீக்கு என்று யாரும் சொல்லப் போவதில்லை. விண்ணரசி பண்ணையில் சீக்கு என்றுதான் சொல்வார்கள். கைக்குழந்தைக்குப் பால் வாங்குகிறவள் மறுநாளே வேண்டாம் என்பாள்.

“அந்தப் புள்ளைய நெனச்சா எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா நாம எடுத்த பேர நாமளே கெடுத்துக்கிட்டு வரணும்னு சொல்றீங்க. அப்பறம் சளிதான்னு வந்தா, அதப் போயி யார் வூடு வூடா சொல்றது?”

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. போன் செய்துவிடலாம் என்று எடுத்தார். ஆனால் போனில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தார். சளியா அண்ணே, பார்த்துக்கறோம் அண்ணே என்பார்கள். பிள்ளை காலையில் எழுந்ததும் மறுபடி லாயத்துக்குத்தான் ஓடும். போனைத் திரும்ப வைத்துவிட்டார்.

விடியும் முன்பே எழுந்து பார்த்தபோது கொல்லைப்புறத்தில் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையும் வேட்டியும் இரவே வெந்நீரில் அலசிப் போட்டு, கொடியில் காய்ந்து கிடந்தன. விண்ணரசி குளிக்கத் தண்ணீர் விளாவினாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“போறதுன்னா புள்ள பள்ளிக்கூடம் கெளம்பறதுக்கு முன்னாடி போயிச் சேருங்க. அது கொஞ்சிட்டுத்தான் வேன் ஏறும்.”

அரியலூர் தாண்டும்வரை சிமெண்ட் ஆலை லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போயின. குன்னம் வழியாக அவர் பைக்கை விரட்டினார். ஹுமாயூன் வீட்டு வாசலில் இறங்கியபோது வேன் இன்னும் வரவில்லை. ஹுமாயூனின் மனைவி குல்சும் இரும்புக் கதவைத் திறந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வாங்கண்ணே, உள்ள வாங்க என்றாள். அவர் கதவுக்கு வெளியே நின்றார். பின்கட்டிலிருந்து வந்த ஹுமாயூனும் கூப்பிட்டார். இவர் நகரவில்லை.

வழியெல்லாம் எப்படி எப்படியோ தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தது எதுவும் வாயில் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டார். குட்டியின் தாய்க்கு உடம்பு சரியில்லை, டாக்டர் ஒரு நோய் என்று சந்தேகப்படுகிறார், அது மனிதருக்கு ஒட்டக்கூடியது, முடிவு இன்னும் வரவில்லை.

ஹுமாயூன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “விக்கறப்ப ஒங்களுக்குத் தெரியுமா?”

“இல்ல பாய். அப்ப தாய் இருமக்கூட இல்ல.”

“அத நான் எப்படி நம்பறது?”

“நீங்க என்னை நம்ப வேணாம் பாய். மொதல்ல புள்ளைய உள்ள கூப்பிடுங்க.”

குல்சும் அதற்குள் ஓடிவிட்டாள். பின்னால் லாயத்திலிருந்து பிள்ளையின் அழுகுரல் கேட்டது. சீருடையோடு ஃபைஸாவைத் தூக்கி வந்து, குழாயடியில் நிறுத்திக் கையும் முகமும் மாற்றி மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள் குல்சும். கழுவிக்கொண்டே அவளும் அழுதாள். ஹுமாயூன் அவர்களையே பார்த்தபடி கதவருகே வந்தார். பிறகு தேவசகாயத்தைப் பார்க்காமல், நீங்க போங்க என்றார். கதவு சாத்தப்பட்டது. தேவசகாயம் திரும்பி வரும் வழியில் எங்கேயும் நிறுத்தி ஒரு டீ கூடக் குடிக்கவில்லை.

விண்ணரசி சொன்னது அப்படியே நடந்தது. ஹுமாயூன் தன் மைத்துனரிடம் கேட்டார், அவர் அரியலூரில் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். வாரம் முடிவதற்குள் ஏலாக்குறிச்சிக்கே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. முதலில் சித்த வைத்தியர் பால் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். பிறகு ஒவ்வொரு வீடாக நின்றது. பக்கத்துத் தெரு சாந்தா, பேரப்பிள்ளைக்கு இந்தப் பால்தான் என்று ஒரு நாளும் தவறாதவள், விண்ணரசியைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக்குப் போய் நடந்தாள். ஆடுகளுக்கு இது லேசில் ஒட்டாது, பாலைக் காய்ச்சினால் ஒன்றும் இல்லை என்று சுகன்யா ஊராட்சி ஆபீஸிலேயே வந்து சொன்னாள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். வாங்கத்தான் ஆள் வரவில்லை.

கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். அதனால் விண்ணரசி இரண்டு வேளையும் கறந்தாள். குட்டிகள் குடித்தது போக மீதியைக் கொட்டகைக்குப் பின்னால் குழியில் ஊற்றினாள். ஈரமண்ணில் வெள்ளை நுரை பரவி உள்ளே இறங்குகிற வரைக்கும் காலி வாளியோடு நிற்பாள். தேவசகாயம் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். அவள் வாளியை அலசிக் கவிழ்த்துவிட்டு, அகத்தித் தழை ஒடிக்கப் போனாள்.

தேவசகாயம், விண்ணரசி இரண்டு பேரிடமும் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். லப்பைக்குடிக்காட்டில் ஃபைஸாவுக்கும் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது என்று விண்ணரசி அடைக்கலமாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். சீமாட்டிக்காகவும் ஒன்று ஏற்றியதை அவரிடம் சொல்லவில்லை. கோயில்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

முடிவு வந்தது. சீமாட்டிக்கு நோய் இருந்தது. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பியதிலும் அதுவே வந்தது. மற்ற இரண்டு குதிரைகளுக்கும் இல்லை, இவர்களுக்கும் இல்லை.

பண்ணையின் கோடியில் பொக்லைன் வைத்து ஆழமாகக் குழி எடுத்தார்கள். சுண்ணாம்பு மூட்டைகள் வந்து இறங்கின. சுகன்யாவோடு மேலதிகாரிகள் இரண்டு பேர் தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பில் வந்தார்கள். கயிற்றை நான் பிடிக்கிறேன் என்று தேவசகாயம் கேட்டார். முதலில் மறுத்தார்கள். பிறகு அவருக்கும் ஒரு உடுப்பைக் கொடுத்தார்கள்.

சீமாட்டி மெலிந்து போயிருந்தது. மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. லாயத்திலிருந்து குழிவரை அது வழியில் எங்கேயும் முரண்டு பிடிக்கவில்லை. இடையில் ஒருமுறை நின்று புல்லை முகர்ந்தது. தின்ன முடியாமல் தலையைத் தூக்கிக்கொண்டது. அதுவாக நடக்கும்வரை அவர் கயிற்றை இழுக்காமல் நின்றார். மயக்க ஊசி போட்டதும் முன்னங்கால்கள் மடிந்தன. கழுத்தைத் தன் முழங்காலில் தாங்கி மெதுவாகத் தரையில் படுக்கவைத்தார். அடுத்த ஊசிக்குப் பிறகு சுகன்யா அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

வைக்கோல், வாளி, கயிறு, சேணம் எல்லாவற்றையும் குவித்து எரித்தார்கள். விண்ணரசி வேலிக்கு அந்தப் பக்கம், போகக் கூடாது என்று கோடு போட்ட இடத்தில், கடைசிவரை நின்றிருந்தாள். மண் மூடியதும் அவருக்கு வெந்நீர் எடுத்து வைக்கப் போனாள்.

குட்டியிடமும் ரத்தம் எடுத்துப் போய்ச் சில வாரம் கழித்து ஹுமாயூனிடமிருந்து போன் வந்தது. அந்தக் காலைக்குப் பிறகு அவர் பேசுவது அதுதான் முதல் தடவை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அல்லா காப்பாத்திட்டான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“குட்டிக்கு இருக்குதுன்னு வந்துருச்சுண்ணே. நாளைக்கு வராங்க. அது யாருகிட்டயும் நிக்க மாட்டேங்குது, அந்த டிரெஸ்ஸப் பாத்தாலே மெரண்டு ஒதைக்குது. கட்டிப்போட்டு அடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி ஆயிரும். நீங்க வர முடியுமா?”

“வரேன் பாய்.”

இந்த முறை கதவு திறந்தே கிடந்தது. பிள்ளையை முதல் நாளே குல்சும் தன் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாள். குட்டி நன்றாக வளர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மூக்கில் மட்டும் லேசாக ஈரம். வெள்ளை உடுப்பில் தேவசகாயம் உள்ளே நுழைந்ததும் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு சுவரோடு ஒண்டியது. உடுப்புக்குள் இருந்த இவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. வாசனை தெரியாது, முகம் தெரியாது. கவசத்துக்குள்ளிருந்து அவர் பேசினார். காலையில் தண்ணீர் காட்டும்போது தாயிடமும் குட்டியிடமும் பேசுகிற அதே பேச்சு. வாடா கண்ணு, வா, இந்தா, ஒண்ணுமில்ல என்று. முதலில் ஒரு காது முன்னால் திரும்பியது. பிறகு மற்றதும். தலையைத் தாழ்த்திக்கொண்டு அதுவே நடந்து வந்து, உறை போட்ட அவர் கையில் மூக்கை வைத்தது.

அவர் பேசுவதை நிறுத்தவில்லை. தோப்பின் ஓரத்தில் தோண்டியிருந்த குழிவரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். மயக்க ஊசி குத்தியபோதும் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகும் குரல் கொஞ்ச நேரம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர் தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தார்.

உடுப்பைக் கழற்றிக் குளித்துவிட்டு வந்தவருக்கு ஹுமாயூன் தன் சட்டை ஒன்றைக் கொடுத்தார். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தெருவில் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் சலாம் சொல்லிக்கொண்டு போனார்கள்.

“ஆஸ்பத்திரில கேட்டாங்கண்ணே,” என்றார் ஹுமாயூன். “எப்பலேர்ந்து புள்ள குதிரைகிட்டப் போகலன்னு. நீங்க வந்த தேதியச் சொன்னேன். நல்ல வேளைன்னாங்க. ஆர்டர் வர வரைக்கும் வுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்ல முடியாதுன்னாங்க.” நாற்காலியைக் கொஞ்சம் இவர் பக்கம் திருப்பினார். “அன்னைக்கு ஒங்கள வாசலோட அனுப்பினேன்.”

தேவசகாயம், நானா இருந்தாலும் அப்படித்தான் பாய் செஞ்சிருப்பேன் என்றார்.

மற்ற இரண்டு குதிரைகளுக்கும் விட்டுவிட்டு மூன்று தடவை ரத்தம் எடுத்து, நோய் இல்லை என்று எழுதிக் கொடுக்க மழைக்காலம் முடிந்துவிட்டது. அதற்குள் ஆடுகளில் பாதியை விண்ணரசி பால் வற்றவிட்டிருந்தாள். காதில் போட்டிருந்ததையும் மகளின் கல்லூரிக்காகக் கழற்றியிருந்தாள். சாந்தா ஒருநாள் வாசலில் வந்து நின்று, பாத்திரத்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பேரன் பசும்பால் குடித்தால் கக்குகிறான் என்று வேறு யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். விண்ணரசி பாத்திரத்தை வாங்கி நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மற்ற வீடுகள் திரும்ப இன்னும் கொஞ்ச நாளானது. சில வீடுகள் கடைசிவரை வரவே இல்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமாயூன் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். பால் ஆடு வாங்க வந்திருப்பதாகச் சொன்னார். குல்சும் கொட்டகைக்குள் புகுந்து, பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, கறந்து காட்டச் சொல்லி, விண்ணரசியிடம் கறாராகப் பேரம் பேசினாள். விண்ணரசியும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேருடைய குரலும் வேலிவரை கேட்டது. விண்ணரசியின் குரலில் அந்தத் தெம்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று தேவசகாயம் நினைத்துக்கொண்டார்.

ஃபைஸா லாயத்துக்கு வெளியே தள்ளி நின்றிருந்தாள். உள்ளே இருந்த குதிரைகளைப் பார்த்தாள், கிட்டே போகவில்லை. இவரும் கூப்பிடவில்லை.

“அதோட அம்மா எங்க?” என்று கேட்டாள்.

சின்னப் பிள்ளையிடம் வேறு ஏதாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஹுமாயூனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், தடுக்கவில்லை.

“அதுவும் செத்துப்போச்சும்மா. அந்தக் கோடில பொதைச்சிருக்கோம்.”

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். மழைக்குப் பிறகு அங்கே புல் மற்ற இடத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது. அவள் அழவில்லை. அவர் கையைப் பிடித்து, ஆட்டைப் பார்க்கலாம் என்றாள். இரண்டு பேரும் கொட்டகைக்குப் போனார்கள். குல்சும் ஒரு ஜமுனாபாரியின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, விலை இன்னும் படியவில்லை என்று சொல்லிக்கொண்டே அதை வேனை நோக்கி நடத்திக்கொண்டிருந்தாள்.